பொதுச் சுகாதார ஊட்டச்சத்துக் கல்வியில் விடுபட்ட பாடம்

இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியும் ஊட்டச்சத்துக் கல்வியும் வெவ்வேறு இடங்களில் தோன்றின. ஆராய்ச்சி 1918இல் குன்னூரில், மருத்துவர் ராபர்ட் மெக்காரிசனின் பெரிபெரி நோய் விசாரணையாகத் தொடங்கியது. அந்த அமைப்பு 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. கல்வியோ மனையியல் துறையில் வளர்ந்தது. டெல்லியில் 1932இல் லேடி இர்வின் கல்லூரியும், கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் உருவாயின. பிந்தையதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ் வகுப்பறையையும் கிராமத்தையும் இணைக்க அரும்பாடுபட்டவர். பெண்கள் அறிவியலுக்குள் நுழைய அன்று திறந்திருந்த சில வாசல்களில் மனையியலும் ஒன்று. அந்த மரபை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று.

ஆனால் இந்தப் பிரிவினையால் ஒரு கேடு விளைந்தது. ஆய்வகம் எண்களை உருவாக்கியது. கல்லூரி அவற்றைப் பயன்படுத்தியது. எவருக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேண்டும், எந்த அளவுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பவையெல்லாம் மாணவரின் கைக்கு முடிந்த முடிவுகளாகவே வந்து சேர்ந்தன. அவற்றின் பின்னால் இருந்த ஊகங்களும் சச்சரவுகளும் பாடத்துக்கு வெளியே நின்றுவிட்டன. பொதுச் சுகாதார ஊட்டச்சத்தைப் பல்கலைக்கழகத்தில் பயில்வதென்றால் முதலில் இந்தச் சச்சரவுகளைப் பயில வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதுகலை ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழையொன்றை எடுத்துக்கொள்வோம். நூறு பெண்களிடம் முந்தைய நாள் உண்டதைக் கேட்டுக் கணக்கிடுகிறார்கள். சராசரி இரும்புச்சத்து உட்கொள்ளலைப் பரிந்துரைக்கப்பட்ட அளவோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் பற்றாக்குறை என்று முடிக்கிறார்கள். பரிந்துரை அளவு என்பது ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 97.5 சதவீதத்தினரின் தேவையை நிறைவு செய்யும்படி வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்பட்டது. தனி ஒருவருக்கு ஆலோசனை சொல்ல அது உதவும். ஒரு மக்கள்தொகையில் எத்தனை பேருக்குக் குறைவு என்று சொல்லச் சராசரித் தேவை என்ற வேறோர் அளவுகோல் இருக்கிறது. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டையும் தனித்தனியே வெளியிட்டது. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைய பரிந்துரை 29 மில்லிகிராம். சராசரித் தேவை 15. எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஊர் பற்றாக்குறை ஊராகவோ ஓரளவு சமாளிக்கும் ஊராகவோ மாறிவிடும்.

இரத்தசோகையில் சிக்கல் இன்னும் ஆழமானது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019–21) 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4. இந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தைக் களத்திலேயே கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். 2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சிரையிலிருந்து இரத்தம் எடுத்தது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் அது கண்டது 41 சதவீதம். ஏறக்குறைய அதே காலத்தில் குடும்பநல ஆய்வின் முந்தைய சுற்று 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்குச் சொன்னது ஏறத்தாழ 59 சதவீதம். வயது வரம்பு வேறுபடுவது உண்மைதான். இரத்தம் எடுத்த முறையையும் மறந்துவிடக் கூடாது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் வரம்பை லிட்டருக்கு 110 கிராமிலிருந்து 105 ஆகக் குறைத்தது. எந்தக் குழந்தையின் இரத்தத்திலும் மாற்றமில்லை. ஆனாலும் பல குழந்தைகள் இரத்தசோகைக் கணக்கிலிருந்து நீங்கிவிட்டார்கள்.

நியாய விலைக் கடைக்கு வந்த செறிவூட்டப்பட்ட அரிசி இத்தகைய எண்களின் பேரில்தான் நியாயப்படுத்தப்பட்டது. அங்கன்வாடி மேற்பார்வைப் பணிக்கோ மாநிலத் திட்ட அலுவலகத்துக்கோ போகவிருக்கும் பட்டதாரி இதை அறியாமல் போகலாமா?

பட்டம் பெறும் பலர் மருத்துவமனையில் உணவியல் நிபுணர்களாகவே வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு இந்த வாதங்கள் எதற்கு என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வி மருத்துவ உணவியல் தாளுக்குப் பொருந்தும். பொதுச் சுகாதாரம் என்று பெயரிட்ட தாளுக்குப் பொருந்தாது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. எண்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தால், ஊட்டச்சத்துக் குறைவே மிகைப்படுத்தல் என்று சொல்லித் திட்டங்களை வெட்ட நினைப்பவர்களுக்கு அது வசதியாகிவிடாதா? ஆகிவிடும், ஆகியும் இருக்கிறது. புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே, ஒருவரின் கலோரித் தேவையே நாளுக்கு நாள் மாறக்கூடியது, உடல் குறைந்த உணவுக்கும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்று வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்றால் பசித்தோர் எண்ணிக்கை கணக்கில் சுருங்கிவிடும். பொருளாதார அறிஞர் டேவிட் செக்லர் உடல் சிறுத்தாலும் ஆரோக்கியமே என்றார். சேலத்துக்காரரான ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன் இவர்களை எதிர்த்து நின்றார். சிறுத்த உடலை ஆரோக்கியமென்று ஏற்பது வறுமையை ஏற்பதே என்பது அவர் நிலைப்பாடு. அவர் வென்றது உணர்ச்சிவசப்பட்டதால் அன்று. எதிராளியின் கணக்கை அவரைவிட நன்றாக அறிந்திருந்ததால். புரதமே முதல் குறை என்று உலகம் நம்பிய காலத்தில், நம் குழந்தைகளுக்கு முதலில் போதாதது உணவின் மொத்த அளவு என்று காட்டியதும் அவருடைய குழுதான். (புரதப் பொடி விளம்பரங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.)

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் துணை உணவு கொடுத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் எடை பார்க்கவில்லை, வந்த குழந்தைக்கெல்லாம் சோறு போட்டது. ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், இரு வேறு கொள்கைகள். எது சரி என்று ஒரு பருவம் முழுவதும் வாதிடலாம். பெரும்பாலான பாடநூல்களில் இவை ஆண்டு வரிசையில் இரு குறிப்புகளாக முடிந்துவிடுகின்றன.

பாடத்திட்டக் குழுக்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். சமூக ஊட்டச்சத்துத் தாளில் திட்டங்களின் பெயர்ப் பட்டியலை நீக்கி, அந்த இடத்தில் அளவீட்டு முறைகளைப் பற்றி ஒரு முழு அலகை வையுங்கள். பரிந்துரை அளவோடு சராசரியை ஒப்பிட்டுப் பற்றாக்குறை என்று அறிவிக்கும் ஆய்வேடுகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.