எதிரணி தேடிப் போன கழகம்: பிரெஷோவ் தாத்ரானின் ஹேண்ட்பால் வரலாறு

கிழக்கு ஸ்லோவாக்கியாவில் தோரிசா ஆற்றங்கரையில் இருக்கிறது பிரெஷோவ். பிராத்திஸ்லாவா, கோஷிட்சேவுக்கு அடுத்து அந்நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். அங்கே 'தாத்ரான்' என்றால் வெளியூர்க்காரர்கள் கால்பந்தைத்தான் நினைப்பார்கள். 1898-இல் தொடங்கிய அந்தக் கால்பந்துக் கழகம் ஸ்லோவாக்கியாவிலேயே மிகப் பழையது. ஆனால் செக்கோஸ்லோவாக்கிய லீகில் அதற்கு வாய்த்தது 1965, 1973 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடம் மட்டுமே. லீக் பட்டத்தை பிரெஷோவுக்குக் கொண்டுவந்தது அதே பெயரில் 1952-இல் முளைத்த ஹேண்ட்பால் அணி. கால்பந்து அண்ணனைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் இளையது அது.

அணி பிறந்த காலத்தில் ஆட்டமே உருமாறிக்கொண்டிருந்தது. கால்பந்துத் திடலில் பதினொரு பேர் ஆடும் பழைய ஹேண்ட்பால் ஐரோப்பாவில் இன்னும் உயிரோடு இருந்தது. அதன் கடைசி உலகப் போட்டி 1966-இல்தான் நடந்தது. அதற்குள் உள்ளரங்க ஆட்டம் எல்லோரையும் இழுத்துக்கொண்டது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். முப்பது நிமிடம் வீதம் இரண்டு பாதி. கோலைச் சுற்றியுள்ள ஆறு மீட்டர் வளையத்துக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அதனால்தான் ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே பந்தை வீசுகிறார்கள். பனிக்காலம் நீண்டு கிடக்கும் ஊர்களுக்குக் கூரைக்குக் கீழே இப்படி ஓர் ஆட்டம் கிடைத்தால் விடுவார்களா?

செக்கோஸ்லோவாக்கியாவில் அன்று ஹேண்ட்பால் என்றால் பிராகின் டுக்லா. இராணுவக் கழகம். கட்டாய இராணுவப் பணிக்கு வரும் இளைஞர்களில் நல்ல ஆட்டக்காரர்களைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும் வசதி அதற்கு இருந்தது. மாகாண அணிகள் வளர்த்துவிட்ட பையன்கள் சீருடை மாட்டியதும் டுக்லாவுக்காகக் கோல் போடுவது வாடிக்கை. 1963, 1984 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. உள்நாட்டிலோ இருபதுக்கு மேல் பட்டங்கள். நாட்டின் ஹேண்ட்பாலும் அப்போது உச்சத்தில் இருந்தது. 1967-இல் ஸ்வீடனில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் டென்மார்க்கை 14–11 என வீழ்த்தி ஆண்கள் அணி உலகப் பட்டம் பெற்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெள்ளி.

அந்த இரண்டு சிகரங்களுக்கும் இடையில்தான் தாத்ரான் இருமுறை செக்கோஸ்லோவாக்கிய சாம்பியன் ஆனது: 1969, பிறகு 1971. உலக சாம்பியன்கள் அணிக்கு அணி சிதறிக் கிடந்த லீகில், தலைநகரிலிருந்து மிகத் தொலைவில் இருந்த ஓர் ஊர் வென்றது. 1969 ஜனவரியில்தான் நாடு செக், ஸ்லோவாக் என்ற இரு குடியரசுகளின் கூட்டாட்சியாக மாறியிருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே பட்டம் கிழக்குக் கோடிக்குப் போனதை ஸ்லோவாக்கியர்கள் எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. கழகத்தின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுபவை இந்த இரண்டும்தான். பின்னால் வந்தவை எண்ணிக்கையில் பல மடங்கு. எடையில் அப்படிச் சொல்ல முடியாது.

1993-இல் நாடு பிரிந்தது. டுக்லா எல்லைக்கு அப்பால் போனது, லீகும் சிறுத்தது. தாத்ரானின் ஆதிக்கம் உடனே வந்துவிடவில்லை. 2000-க்குப் பிறகே பட்டங்கள் அடுத்தடுத்து வரத் தொடங்கின. 2010 முதல் 2019 வரை எந்த ஆண்டும் ஸ்லோவாக்கியப் பட்டம் வேறு கைக்குப் போகவில்லை. பட்டியலாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் யார் வெல்வார்கள் என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிடும் லீகில் வீரன் எதைக் கற்பான்? ரசிகன்தான் எதற்காக டிக்கெட் வாங்குவான்?

கழகம் இதற்குக் கண்ட வழி தெற்கே போவது. 2011-இல் தொடங்கிய சேஹா லீக், முன்னாள் யுகோஸ்லாவிய நாடுகளின் அணிகளை மையமாகக் கொண்டது. ஸ்லாவிய மொழி என்பதைத் தவிர பிரெஷோவுக்கும் வட மாசிடோனியத் தலைநகரான ஸ்கோப்யேவுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. நெடும் பயணம் வேறு. ஆனாலும் தாத்ரான் அங்கே பல பருவங்கள் ஆடியது. எதிரே நின்றவர்கள் யார்? ஜாக்ரெப், 2014 முதல் ஹங்கேரியின் வெஸ்பிரேம், 2017-லும் 2019-லும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகையே வென்ற ஸ்கோப்யேவின் வர்தார். சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் சில இரவுகள் மட்டும் காணக் கிடைக்கும் அணிகள் லீக் ஆட்டத்துக்காகவே பிரெஷோவ் அரங்குக்கு வந்து போயின. தாத்ரான் நிறையத் தோற்றது. தெரிந்தே போய் நின்ற தோல்விகள் அவை, அதற்காக நிர்வாகத்தைப் பாராட்டலாம். வீரனாக 1996, 2004 ஒலிம்பிக்குகளில் குரோஷியாவுக்குத் தங்கம் வென்று, பின்னர் அந்நாட்டு அணிக்கே பயிற்சியாளராக இருந்த ஸ்லாவ்கோ கொலூஜா பிரெஷோவுக்குப் பயிற்சியாளராக வந்ததும் இந்தத் தெற்குத் திருப்பத்தோடு பொருந்திப் போகிறது.

ஸ்லோவாக்கியா 2009, 2011 உலகப் போட்டிகளில் ஆடியபோது தாத்ரான் தேசிய அணியின் முக்கிய ஊற்றுகளில் ஒன்றாக இருந்தது. 2022 ஜனவரியில் ஹங்கேரியுடன் சேர்ந்து அந்நாடு ஐரோப்பியப் போட்டியை நடத்தியபோது ஸ்லோவாக்கிய ஆட்டங்கள் பிராத்திஸ்லாவாவுக்கும், பிரெஷோவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் கோஷிட்சேவுக்கும் போயின. பட்டங்களைச் சுமந்த ஊருக்கு ஓர் ஆட்டமும் இல்லை. பெரிய அரங்கு வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

இன்னொரு விஷயத்திலும் பிரெஷோவ் பின்தங்கியது. ஐரோப்பியக் கழகப் போட்டி எதிலும் தாத்ரான் இறுதியாட்டத்தை எட்டியதில்லை. கிழக்கு ஸ்லோவாக்கியாவுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது உக்ரைன் எல்லைக்கு அருகிலுள்ள சிறிய நகரமான மிகாலோவ்த்சே. அதுவும் பெண்கள் அணி. அந்த ஊரின் யுவென்டா கழகம், செக், ஸ்லோவாக் பெண்கள் அணிகள் 2002 முதல் சேர்ந்து நடத்தும் கூட்டு லீகில் வளர்ந்தது. 2024-இல் பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை சென்று, ஸ்பெயினின் எல்சேயிடம் தோற்றது.