கணினி நினைவகத்தின் பயன்படு வரம்பு

4 ஜிபி ரேம் பொருத்திய 32 பிட் விண்டோஸ் கணினி பெரும்பாலும் 3.2 முதல் 3.5 ஜிபி வரைதான் பயன்படுத்தும். ரேமில் பழுதில்லை, விற்றவர் ஏமாற்றவும் இல்லை. முகவரி போதாததே காரணம்.

செயலி ஒவ்வொரு பைட்டையும் அதன் முகவரி எண்ணைக் கொண்டுதான் தேடி எடுக்கிறது. 32 பிட்டில் கிடைக்கும் எண்கள் 4,294,967,296. அதாவது 4 ஜிபி. வரைகலை அட்டை, நெட்வொர்க் அட்டை, பயாஸ் ஆகியவற்றுக்கும் இதே எண்களிலிருந்துதான் பங்கு தரவேண்டும். அவை மேல்முனையைப் பிடித்துக்கொள்வதால், அந்த அளவு ரேமுக்கு எண் இல்லாமல் போகிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலும் இதே கதைதான்: 1 எம்பி முகவரியில் நிரல்களுக்கு 640 கேபி, மீதி 384 கேபி சாதனங்களுக்கு.

இந்த வரலாற்றில் மலேசியாவின் பினாங்குக்கும் பங்குண்டு. அங்குள்ள பாயான் லெப்பாஸில், 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அப்போது அது முதன்மையாக நினைவகச் சில்லு செய்யும் நிறுவனம். 1970இல் அது வெளியிட்ட 1103 சில்லு 1,024 பிட், அதாவது வெறும் 128 பைட் கொள்ளும். அதைக் கொண்டு 4 ஜிபி சேர்க்க 33,554,432 சில்லுகள் வேண்டும்! 1985இல் இன்டெல் டிராம் எனும் இந்த வகை நினைவகச் சில்லுத் தொழிலைக் கைவிட்டது. 4 ஜிபி முகவரி தந்த 386 செயலி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

1995இல் வந்த பென்டியம் புரோ 36 பிட் முகவரியால் 64 ஜிபி வரை எட்டியது. ஆனாலும் வீட்டுக் கணினிக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி எல்லையைத் தாண்டவில்லை. பெரிய முகவரிகளைக் கண்டு பல டிரைவர்கள் தடுமாறியதால் மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவு அது.

64 பிட்டுக்கு மாறினால் இந்தத் தடை நீங்கும், ஆனால் வேறு வரம்புகள் உண்டு. 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் 16 ஜிபி வரைதான் ஏற்கும். இன்டெல் 945 போன்ற பழைய சிப்செட்டுகளில், 64 பிட் இயங்குதளம் போட்டாலும் 4 ஜிபி முழுதாகக் கிடைக்காது. செயலியோடு இணைந்த வரைகலை தனக்கென ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்ளும். கூடுதல் ரேமுக்குப் பணம் கட்டுமுன் மதர்போர்டின் கையேட்டையும் விண்டோஸின் பதிப்பையும் பார்ப்பது கட்டாயம். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில், நினைவகப் பட்டையின் சாம்பல் நிறப் பகுதி வன்பொருளுக்கு ஒதுக்கிய அளவைக் காட்டும்.