நோபல் பரிசு கிடைக்காத ஏவரி

டி.என்.ஏ. என்றாலே வாட்சன், கிரிக் பெயர்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவர்கள் 1953-ல் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்னார்கள். ஆனால் பாரம்பரியக் குணங்களைக் கடத்துவது டி.என்.ஏ.தான் என்று அதற்கு முன்பே ஒருவர் காட்டியிருக்க வேண்டுமே! அவர்தான் ஆஸ்வால்ட் ஏவரி.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1928-ல் ஃபிரெடெரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். உறை உள்ள வகை சுண்டெலியைக் கொல்லும், உறை இல்லாத வகை கொல்லாது. உறை உள்ளதைச் சூடாக்கிக் கொன்று, உயிருள்ள உறையில்லாததோடு கலந்து ஊசி போட்டார். எலிகள் செத்தன. அவற்றின் ரத்தத்தில் உறையோடு கூடிய பாக்டீரியா உயிரோடு இருந்தது! செத்த பாக்டீரியா எதையோ கொடுத்திருக்கிறது. அது எது என்று தெரிவதற்குள், 1941-ல் லண்டனில் விழுந்த குண்டுவீச்சில் கிரிஃபித் இறந்துபோனார்.

நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த ஏவரி இதை முதலில் நம்பவில்லை. பிறகு விடவும் இல்லை. மெக்லியட், மெக்கார்ட்டி இருவரோடும் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்தார். 75 லிட்டர் பாக்டீரியா வளர்ப்பிலிருந்து கிடைத்த சுத்தமான பொருள் 10 முதல் 25 மில்லிகிராம்தான். (ஒரு சிட்டிகை உப்பு இதைவிட அதிகம்!) புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், மாற்றும் சக்தி போகவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தார்கள், அப்போதும் போகவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைத்ததும் போய்விட்டது. 1944-ல் கட்டுரை வெளியானபோது ஏவரிக்கு வயது 66.

பலர் ஏற்கவில்லை. புரதத்தில் 20 வகை அமினோ அமிலங்கள், டி.என்.ஏ.வில் நான்கே காரங்கள். அதுவும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருபவை என்று லெவீன் சொல்லியிருந்தார். இவ்வளவு சாதாரணப் பொருளா உயிரின் செய்தியைச் சுமக்கும்? கூடவே கொஞ்சம் புரதம் ஒட்டியிருக்கும் என்று அதே நிறுவனத்து மிர்ஸ்கி வாதாடினார். சந்தேகப்படுவது அறிவியலில் தப்பில்லைதான். ஆனால் 1952-ல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் வைரஸையும் மிக்ஸியையும் வைத்துச் செய்த சோதனையில் இதைவிட அதிகமாகவே புரதம் ஒட்டியிருந்தது. அதை உலகம் சட்டென்று ஏற்றுக்கொண்டது! எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

ஹெர்ஷிக்கு 1969-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, சேஸுக்குக் கிடைக்கவில்லை. ஏவரி 1955-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் 1944 கட்டுரையைப் படித்தவுடனே நம்பியவர் ஒருவர் உண்டு, சார்காஃப். செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு டி.என்.ஏ. பக்கம் திரும்பினார். அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைட்டோசினும் சம அளவு என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அது அவர் கண்டுபிடித்தது.