வாலை நம்பியவர்களும் பல்லை எண்ணியவர்களும்

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகம் எட்வர்ட் பிளைத்தின் பொறுப்பில் இருந்த காலம். 1841-ல் லண்டனிலிருந்து வந்த மனிதர். சம்பளம் சொற்பம், வேலை மலையளவு. 1857 டிசம்பரில் மனைவியும் போய்ச் சேர்ந்தார். மனிதர் ஒடிந்துபோனார், ஆனாலும் நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து அவர் மேசைக்கு வந்துகொண்டிருந்த பறவைத் தோல்களும் மண்டையோடுகளும் நிற்கவில்லை. திருவிதாங்கூர்ப் பக்கம் மிஷன் ஊழியம் பார்த்த பாதிரியார் பேக்கர் அனுப்பிவைத்ததும் அப்படி வந்து சேர்ந்த ஒன்றுதான்.

பார்த்தால் எலி. முதுகைத் தடவினால்தான் சங்கதி தெரியும். செம்பழுப்பு மயிருக்கு நடுவே தட்டைத் தட்டையாக முட்கள். முள்ளம்பன்றியின் முள்போல உருண்டது அல்ல, புல்லின் தாள்போல அகன்றது. வயிறு வெளுப்பு. வாலோ எலிக்குரிய மொட்டை வாலே இல்லை. நுனியை நெருங்க நெருங்க மயிர் அடர்ந்து, கடைசியில் வெள்ளையாக முடிகிறது. (நம் தென்மாவட்டத் தேரிக்காட்டு முள்ளெலியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கொறித்துண்ணியே அல்ல.)

1859-ல் சங்கத்தின் இதழில் பிளைத் இதற்குப் புதிய பேரினம் ஒன்றை உண்டாக்கினார்: பிளாட்டகாந்தோமிஸ். தட்டை முள் எலி என்பது பொருள். இனப் பெயர் லாசியூரஸ், மயிரடர்ந்த வாலுடையது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கிரேக்கத்தில் எழுதி வைத்தார். அந்தப் பெயர் இன்றுவரை அசையவில்லை. அசைந்ததெல்லாம் அது எந்தக் குடும்பம் என்ற விவகாரம்தான்.

பிறந்த இடமாகப் பதிவானது ஆலப்புழை, கடலோர ஊர். ஆனால் சமவெளியில் இதைத் தாம் கண்டதே இல்லை என்று பேக்கரே எழுதியிருக்கிறார். மலைப் பள்ளத்தாக்குகளின் பெருமரங்களில் பொந்து பறித்து, இலையும் பாசியும் திணித்துக் குடியிருக்கும் பிராணி அது. மலைவாசிகள்தான் அவருக்கு இதைப் பற்றிச் சொன்னவர்கள். மாதிரியை அனுப்பிய வெள்ளைக்காரரின் முகவரியே விலங்கின் முகவரியாகிவிடுவது அந்தக் கால வழக்கம். பழைய பட்டியல்களைப் படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சரி, குடும்பத்துக்கு வருவோம். புசுபுசு வால், மரவாசம், இரவு நடமாட்டம், கடைவாய்ப் பற்களின் மேல் சாய்வாக ஓடும் வரிகள். இத்தனையும் ஐரோப்பாவில் டார்மவுஸ் என்று அழைக்கப்படும் சிறு கொறித்துண்ணிக்கும் உண்டு. அதனால் ‘முள் டார்மவுஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் வாயைத் திறந்து எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. டார்மவுஸுக்கு ஒவ்வொரு தாடைப் பக்கமும் ஒரு வெட்டுப் பல், ஒரு முன்கடைவாய்ப் பல், மூன்று கடைவாய்ப் பல், மொத்தம் 20. நம் மலை எலிக்கு அந்த முன்கடைவாய்ப் பல் கிடையாது. 16-தான். வீட்டு எலிக்கும் அதே 16.

இந்த எண்ணிக்கையை மதித்தவர்களில் எட்வர்ட் ஆல்ஸ்டன் முக்கியமானவர். 1876-ல் கொறித்துண்ணிகளை வகைப்படுத்தியபோது, இதற்கென்று தனித் துணைக்குடும்பம் அமைத்து எலிக் குடும்பத்துக்குள் வைத்தார். மறு ஆண்டே பாரிஸில் அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ், சீனத்துப் பூஜியன் மலையிலிருந்து வந்த ஒரு சாம்பல்நிற எலிக்கு டைப்லோமிஸ் என்று பெயரிட்டார். முள் இல்லை, கண் மிகச் சிறியது, ஆனால் பல் வரிகள் அச்சாக அதே மாதிரி. கேரளத்து மலைக்கும் பூஜியனுக்கும் நடுவே எத்தனை ஆயிரம் மைல்! பிற்பாடு ஐரோப்பாவின் மயோசீன் காலப் படிவங்களில் நியோகோமெட்டிஸ் என்ற உறவும் கிடைத்தது. ஒரு காலத்தில் பரந்து வாழ்ந்த குலம். இன்று இரண்டு ஓரங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பல் கணக்கு தெரிந்த பிறகும் 1940-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வெளியிட்ட பெருநூலில் எல்லர்மேன் இரண்டையும் மீண்டும் டார்மவுஸ் குடும்பத்திலேயே சேர்த்தார். 1945-ல் அமெரிக்கர் சிம்ப்சன் தனிக்குடும்பம் என்று ஒப்புக்கொண்டாலும், டார்மவுஸ்களின் பக்கத்து வீட்டில்தான் குடிவைத்தார். தொடக்கத்தில் வாலை நம்பியவர்களை மன்னிக்கலாம். எல்லர்மேனிடம் மண்டையோடுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வழக்கு முடிந்தது 2009-ல். ஷாரன் ஜான்சாவும் கூட்டாளிகளும் டைப்லோமிஸின் மரபணுக்களை அலசினார்கள். டார்மவுஸ் உறவு அடியோடு அடிபட்டுப்போனது. எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர், வோல் என்று 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட எலிப் பெருங்குலத்தில், எல்லாருக்கும் முன்பே கிளை பிரிந்துபோன பழங்குடி இது என்று தெரிந்தது. அந்தச் சீனத்து உறவுக்காரர் சாமானியர் அல்லர். வௌவாலைப்போல எதிரொலி கேட்டு இருட்டில் வழி அறிகிறார் என்று 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் விரிவான ஆய்வே வந்தது.

நம் தட்டை முள் எலி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. நம் பக்கம் களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இது வாழ்கிறது. அங்கே இதன் வாழ்விடத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். மிளகைத் தின்றுவிடுவதால் தோட்டக்காரர்களிடம் இதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் பெருமரங்கள் விழ விழ, பொந்தும் போகிறது. அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலும் ஆங்கிலப் பெயர் ‘மலபார் முள் டார்மவுஸ்’ என்றுதான் இருக்கிறது.

அடுத்த வாரம், நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்துகொண்டே பறவைகளைத் துரத்திய ஜெர்டன்.

(தொடரும்)