தொலைந்த படங்களும் பார்த்தவர் சாட்சியமும்

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கக் காலத்தில் எடுக்கப்பட்ட படங்களுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தொடங்கித் தென்னிந்தியாவில் உருவான மௌனப் படங்களுள் 1933ஆம் ஆண்டின் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே எஞ்சியிருக்கிறது; பேசும் படங்களிலும் 1934இல் வந்த ‘பவளக்கொடி’க்கு முற்பட்ட எதுவும் பார்க்கக் கிடைப்பதில்லை. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் எனப்படும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை என்பதும், ஓடி முடிந்த பிரதிகளை அவற்றில் படிந்திருந்த வெள்ளிக்காக உருக்கி விற்கும் வழக்கம் இருந்தது என்பதும், படங்களைச் சேமிப்பதற்கென்று தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் அமைந்ததே 1964இல்தான் என்பதும் இந்த இழப்புக்குக் காரணங்கள். படங்கள் அழிந்த இடத்தில், அவற்றைப் பார்த்தவர்கள் பேசியதும் எழுதியதும் மட்டும் ஆங்காங்கே தங்கியிருக்கின்றன. ஆகவே ஒரு ரசிகர் ஓராண்டில் பார்த்த படங்களைப் பற்றிச் சொன்ன கருத்து, சொன்ன நாளில் எவ்வளவு சிறியதாகத் தோன்றியிருப்பினும், தமிழ்த் திரை வரலாற்றுக்கு முதன்மை ஆவணமாக ஆகிவிட்டது. அந்த ஆவணம் எப்படி உருவாயிற்று, யாருடைய குரல் அதில் பதிந்தது, யாருடையது பதியாமல் போயிற்று என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எச். எம். ரெட்டி இயக்கத்தில், அர்தேஷிர் இரானியின் பம்பாய் இம்பீரியல் நிறுவனம் தயாரித்த இப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியாயிற்று. நாடக மேடையில் பெயர் பெற்றிருந்த டி. பி. ராஜலட்சுமி கதாநாயகியாக நடித்தார். மதுரகவி பாஸ்கரதாஸ் பாடல்கள் எழுதினார். படத்தில் தமிழ் எவ்வளவு, தெலுங்கு எவ்வளவு, காளிதாசன் கதைக்குத் தொடர்பில்லாத தேசியப் பாடல்களும் தியாகராஜர் கீர்த்தனைகளும் எவ்விடத்தில் வந்தன என்னும் கேள்விகளுக்குப் படத்தைப் பார்த்து விடை காண வழியில்லை. படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னதாக, அக்டோபர் 29 அன்று ‘சுதேசமித்திரன்’ வெளியிட்ட மதிப்புரையும், அக்கால விளம்பரங்களும், பாட்டுப் புத்தகமுமே ஆதாரங்கள். செய்தித்தாளின் ஒரு பத்தியாக, அன்றைய வாசகர் படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காகவே எழுதப்பட்ட அம்மதிப்புரை, ஒரு மொழியின் திரைத் தொடக்கத்துக்கு நேர்ச் சாட்சியாக நிற்கிறது.

பார்வையாளர் கருத்தைத் திட்டமிட்டுத் திரட்டிய முதல் பெருமுயற்சி இதற்கும் நான்கு ஆண்டுகள் முந்தையது. அதைச் செய்தது அரசாங்கம். 1927ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசு, சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்தது. அமெரிக்கப் படங்கள் வெள்ளையரைப் பற்றி இந்தியர் மனத்தில் இழிவான எண்ணத்தை விதைக்கின்றன என்ற அச்சமும், பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை தேட வேண்டும் என்ற நோக்கமும் குழுவை அமைத்ததன் பின்னணியில் இருந்தன. குழு 4,325 வினாப்பட்டியல்களை அனுப்பியது. 320 பேரிடமிருந்து எழுத்து மூலமாகப் பதில் வந்தது. பல ஊர்களில் அமர்வுகள் நடத்தி 353 பேரை நேரில் விசாரித்தது. வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், காவல்துறையினர், திரையரங்க உரிமையாளர்கள், படத் தயாரிப்பாளர்கள் எனப் பலர் சாட்சியம் அளித்தனர். காந்தியடிகளுக்கும் வினாப்பட்டியல் சென்றது. தாம் ஒருபோதும் திரைப்படம் பார்த்ததில்லை என்றும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கே அதன் தீமை தெளிவாகத் தெரிகிறது என்றும் அவர் பதில் எழுதினார்.

1928இல் வெளிவந்த அறிக்கையும் அதனுடன் அச்சான சாட்சியத் தொகுதிகளும், மௌனப் பட காலத்து இந்தியப் பார்வையாளர் எதை விரும்பினார் என்பதைக் காட்டும் ஒப்பற்ற புதையல். புராணப் படங்களுக்குக் கூட்டம் சேர்ந்ததும், அடிதடியும் துரத்தலும் நிறைந்த அமெரிக்கத் தொடர்படங்கள் எழுத்தறிவில்லாதவர்களையும் கட்டிப்போட்டதும் அவற்றிலிருந்து தெரியவருகின்றன. ஆயினும் கவனமாக வாசித்தால் ஒரு பெருங்குறையும் கண்ணில் படுகிறது. சாட்சியம் அளித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்றவர்கள். கூலித் தொழிலாளர் திரைப்படத்தைப் பார்த்து என்ன நினைக்கிறார் என்பதை அவர்களே அவருக்காகச் சொன்னார்கள். தரை டிக்கெட், அதாவது திரைக்கு மிக அருகில் மண் தரையில் அமர்ந்து பார்ப்பதற்கான மிகக் குறைந்த விலைச் சீட்டு, வாங்கியவரின் சொற்கள் அத்தொகுதிகளில் இல்லை என்றே சொல்லலாம். பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச்சலுகை தரும் யோசனையை ரங்காச்சாரியார் குழு ஏற்கவில்லை என்பதும், இந்தியப் படத்தொழிலை வளர்க்க அது முன்வைத்த பரிந்துரைகளை அரசு கிடப்பில் போட்டது என்பதும் தனி வரலாறு.

அந்தத் தரை டிக்கெட்காரரின் கருத்து எங்கே வெளிப்பட்டது என்று கேட்டால், திரையரங்கின் உள்ளேயே என்பதுதான் விடை. மௌனப் படம் ஓடும்போது, திரையின் அருகில் ஒருவர் நின்றுகொண்டு, இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்து, கதையை விளக்கி, நாயகனைப் புகழ்ந்து, வில்லனை ஏசுவது வழக்கமாயிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கான உதவியாகத் தொடங்கிய இப்பழக்கம், படத்தோடு சேர்ந்து கேட்கப்பட்ட முதல் மதிப்புரையாகவும் அமைந்தது எனக் கொள்ளலாம். அவர் எதைக் கேலி செய்தார், எதற்குக் குரல் தழுதழுத்தார் என்பதற்கேற்ப அவையின் மனமும் மாறியிருக்க வேண்டும். பேசும் படம் வந்ததும் அந்த விளக்குநருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1935ஆம் ஆண்டு தனியாக நோக்கத்தக்கது. அவ்வாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளிவந்தன; 1931இல் ஒன்றே ஒன்று வந்த மொழியில் நான்கே ஆண்டுகளில் இந்த வளர்ச்சி. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவினர் நடிக்க, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி ராஜா சாண்டோ இயக்கிய ‘மேனகா’ அவ்வாண்டில் வந்தது; புராணத்தை விட்டுச் சமகாலக் குடும்ப வாழ்க்கையைக் காட்டிய முன்னோடிப் படங்களுள் ஒன்றான அதில்தான் என். எஸ். கிருஷ்ணன் திரைக்கு அறிமுகமானார். எனினும் அவ்வாண்டில் மிகுதியாகப் பேசப்பட்ட படம் ‘பக்த நந்தனார்’. கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவும், கர்நாடக இசைப் பாடகர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராகவும் நடித்த அப்படத்துக்காகச் சுந்தராம்பாளுக்கு 1 லட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் எந்த நடிகரும் கேட்டிராத தொகை அது.

அப்போது ‘ஆனந்த விகடன்’ இதழில் இசை, நடனம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, இப்படத்தைக் கடுமையாகக் கண்டித்தார். படத்தில் பனைமரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட அவர் எழுதியதாகத் தமிழ்த் திரை வரலாற்றாளர்கள் தொடர்ந்து குறிப்பிட்டு வருகின்றனர். இத்தகைய எழுத்தின் சிறப்பு நகைச்சுவையில் மட்டும் இல்லை. மேடையில் நின்று பாடுவதையே நடிப்பாகக் கொண்ட முறை, கேமராவின் முன் போதாது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குப் புரியவைத்த எழுத்துகளுள் கல்கியின் எழுத்து முதன்மையானது. பார்த்த படத்தைப் பற்றித் தயங்காமல் தீர்ப்புச் சொல்லலாம் என்ற துணிவை நடுத்தர வகுப்பு வாசகருக்கு ஊட்டியதும் அதுவே.

இருப்பினும் அத்தீர்ப்பை அப்படியே ஏற்பதில் இடர் உண்டு. ‘பக்த நந்தனார்’ படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான ஓர் அடியவரின் கதையை, எளிய குடும்பத்தில் பிறந்து ரயிலில் பாடி நாடக மேடைக்கு வந்த ஒரு பெண் நடித்துக் காட்டியபோது, அதைத் தரையில் அமர்ந்து பார்த்தவர்களின் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதைக் கல்கியின் மதிப்புரை சொல்லாது. சொல்ல வேண்டும் என்று அவர் கருதவும் இல்லை. சபாக்களில் பழகிய செவியும் ஆங்கிலப் படங்களில் பழகிய கண்ணும் கொண்டு எழுதப்பட்ட மதிப்பீடு அது. படம் எஞ்சியிருந்தால் பிற்காலத்தவர் பார்த்துத் தம் முடிவுக்கு வந்திருக்கலாம். எஞ்சாததனால், வல்லமை மிக்க ஒரு பேனாவின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாக நிலைத்துவிட்டது. சுந்தராம்பாளுக்கு இது பெரிய அநீதி என்று கருத இடமுண்டு. அதே கல்கி, 1939இல் கே. சுப்பிரமணியத்தின் ‘தியாக பூமி’ படத்துக்குக் கதை எழுதி, அக்கதையைப் படத்தின் புகைப்படங்களோடு விகடனில் தொடராக வெளியிட்டபோது, மதிப்புரைஞர் படைப்பாளர் பக்கம் வந்து சேர்ந்தார்.

பத்திரிகை வாங்கும் வசதியில்லாதவர்களிடம் இருந்த ஒரே அச்சுப் பொருள் பாட்டுப் புத்தகம். படத்தின் பாடல்கள், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் ஆகியவற்றைத் தாங்கி, திரையரங்க வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட சிறு வெளியீடு அது. கதையை முக்கால் பங்கு சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு அழைப்பதோடு சுருக்கம் முடியும். ஐம்பது பாடல்கள் கொண்ட ‘பவளக்கொடி’ போன்ற படத்தைப் பார்த்து வந்தவர், பாடல்களை மனப்பாடம் செய்யவும் மறுபடி பாடவும் இப்புத்தகத்தையே நம்பினார். எதை வீட்டில் பத்திரப்படுத்தினார், எதைக் கிழியும்வரை புரட்டினார் என்பதும் ஒருவகையில் ரசிகர் கருத்தே. பல படங்களின் நடிகர் பெயர்களை இன்று உறுதிசெய்ய முடிவது, யாரோ ஒருவர் பெட்டியில் இப்புத்தகங்களைப் போட்டுவைத்ததனால்தான்.

1935இல் தோன்றிய ‘சினிமா உலகம்’, 1942இல் தொடங்கிய ‘பேசும் படம்’, பி. ஆர். எஸ். கோபால் நடத்திய ‘குண்டூசி’ ஆகிய திரை இதழ்கள் மதிப்புரையோடு வாசகர் கடிதங்களுக்கும் கேள்வி–பதில் பகுதிகளுக்கும் இடம் கொடுத்தன. சிற்றூர் வாசகர் தம் பெயரோடும் ஊரோடும் ஒரு நடிகரைப் பற்றிய கருத்தை அச்சில் காண முடிந்தது இவ்விதழ்களால்தான். நடிகர்களின் சொந்த வாழ்வைத் தூற்றிப் பிழைத்த இதழ்களும் அதே காலத்தில் இருந்தன என்பதையும், அத்தகைய இதழ் நடத்திய லட்சுமிகாந்தன் 1944இல் கொலையுண்ட வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலையானதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

எஞ்சியிருக்கும் படங்களை எடுத்துக்கொண்டால், பார்வையாளர் கருத்தைப் படத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க முடிகிறது. 1952இல் வந்த ‘பராசக்தி’யை மதிப்புரைகளில் ஒரு பகுதி வெறுப்போடு எதிர்கொண்டது; ‘தினமணி கதிர்’ அதைப் ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பிட்டுச் சாடியது. மறுபுறம், மு. கருணாநிதியின் வசனங்களை இளைஞர்கள் மனப்பாடம் செய்து தெருமுனையிலும் மேடையிலும் பேசிக்காட்டினர். இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் பார்த்தன. இரண்டுமே அதன் ஆற்றலைச் சரியாக உணர்ந்திருந்தன என்பது இன்று படத்தைப் பார்ப்பவருக்கு விளங்கும். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வேறு வகை. பாடலோ நடனமோ சண்டையோ இல்லாமல், ஒரு கொலையைப் பலர் கோணத்திலிருந்து சொல்லிய அப்படத்தில், பாட்டு வரும் என்று காத்திருந்த பார்வையாளர் ஏமாற்றமடைந்து முணுமுணுத்தனர்; வசூலும் கைகொடுக்கவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற அப்படம் பின்னர் தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படலாயிற்று. ‘அந்த நாள்’ படச்சுருளும் 1950களிலேயே அழிந்திருந்தால், பாட்டில்லாத சலிப்பூட்டும் படம் என்ற பேச்சு மட்டுமே வரலாற்றில் தங்கியிருக்கும். 1930களின் படங்களைப் பற்றிய பேச்சை வாசிக்கும்போது ஆய்வாளர் இந்த எச்சரிக்கையைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு உருவானபோது, சென்னைச் சங்கமும் அதில் சேர்ந்தது; உலகப் படங்களைப் பார்த்து விவாதிக்கும் சிறு வட்டம் அதனால் வளர்ந்தது. வெகுமக்கள் தளத்தில் மதிப்பெண் வழங்கும் முறையை ‘ஆனந்த விகடன்’ புகுத்தியது. 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண் நெடுங்காலம் பேசப்பட்டது. நூற்றுக்கு நூறு கிடைக்காத அக்கண்டிப்பு வாசகருக்குப் பிடித்திருந்தது; அடுத்த வார மதிப்பெண்ணைத் தம் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு வாதிடுவது தேநீர்க் கடைப் பேச்சின் பகுதியாயிற்று.

இத்தகைய சாட்சியங்களையெல்லாம் சேர்த்துவைத்தவர்களுள் முதன்மையானவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். திரைப்படத்தின் மீதிருந்த பற்றினால், படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பல பத்தாண்டுகள் திரட்டிய அவருடைய சேகரிப்பைப் பின்னர் தமிழக அரசு வாங்கியது. 2016இல் அவர் மறைந்தார். சட்டம் பயின்ற ராண்டார் கை, ‘தி இந்து’ நாளிதழில் பழைய படங்களைப் பற்றி எழுதிவந்த தொடரில், ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் அப்படம் எதற்காக நினைவுகூரப்படுகிறது என்று ஒரு வரி சேர்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். சிறுவயதில் பார்த்த படத்தைப் பற்றிய இத்தகைய நினைவு பிழைபடக்கூடியது. ஆயினும் பிரதி இல்லாத படத்துக்கு வேறு சாட்சி இல்லை. 2023இல் அவரும் காலமானார். 1930களின் படங்களை அவை வெளியான காலத்திலேயே பார்த்தவர்களுள் இன்று வாழ்பவர் மிக அரியர் என்பதால், காகிதத்தில் பதிந்தது மட்டுமே இனி மிச்சம். அக்காகிதமோ மலிவான அமிலத்தன்மை மிக்க செய்தித்தாள், தொட்டால் உதிர்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சுப் பொருள்களை நுண்படமாகவும் எண்ணிம வடிவிலும் காத்து வருகிறது. மாவட்ட நூலகங்களின் பரண்களிலும் பழைய திரையரங்க உரிமையாளர் வீடுகளிலும் கிடக்கும் இதழ்களும் நோட்டீஸ்களும் அத்தகைய இடங்களை விரைவில் வந்தடைந்தால், வாசகர் கடிதம் எழுதிய சிற்றூர் ரசிகரின் குரல் கல்கியின் குரலுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கப்படும்.