டென்வர் பல்கலைக்கழக பனி ஹாக்கி அணியின் பயிற்சியாளர் மாற்றம், 2018

டென்வர் பல்கலைக்கழக ஆண்கள் பனி ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜிம் மான்ட்கோமரி, 2018 ஆம் ஆண்டு மே மாதம் தொழில்முறை அணி ஒன்றுக்குச் சென்றார். அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த டேவிட் கார்ல் அதே மாதத்தில் அப்பொறுப்பை ஏற்றார். அப்போது 28 வயதினரான கார்ல், அமெரிக்கக் கல்லூரி பனி ஹாக்கியின் முதற்பிரிவுத் தலைமைப் பயிற்சியாளர்களுள் மிக இளையவராக இருந்தார். இதய நோய் காரணமாக இவர் கல்லூரி அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

பின்னணி

டென்வர் பல்கலைக்கழகம் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஆகும். இதன் அணி பயனியர்ஸ் என்று அழைக்கப்படுகிறது. உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக இரப்பர் வட்டைக் கொண்டு ஆடப்படும் ஹாக்கியே இங்கு ஆடப்படுகிறது. மரே ஆம்ஸ்ட்ராங் பயிற்சியாளராக இருந்த காலத்தில் (1956–1977) இவ்வணி ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றது. 1994 இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் குவோஸ்டெக்கி 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு பட்டங்களைப் பெற்றுத் தந்தார்.

கல்லூரி அணிகளில் பயிற்சியாளர் மாற்றம் தொழில்முறை அணிகளில் நிகழ்வதைவிடப் பெரிய தாக்கத்தை உண்டாக்கும். கல்லூரி அணி வீரர்களை விலை கொடுத்து வாங்குவதில்லை. பள்ளி மற்றும் இளையோர் அணிகளில் ஆடுவோரைப் பயிற்சியாளரே தேடிச் சென்று, கல்வி உதவித்தொகை அளிக்க முன்வந்து சேர்க்கிறார். ஆகவே பல வீரர்கள் பல்கலைக்கழகத்தை மட்டுமன்றிக் குறிப்பிட்ட பயிற்சியாளரையும் நம்பியே சேருகின்றனர். 2021 இல் விதி தளர்த்தப்படும் வரை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஹாக்கி வீரர் பொதுவாக ஓராண்டு போட்டிகளில் ஆட இயலாது. இதனால் பயிற்சியாளர் எளிதாக வெளியேறலாம் என்றும், வீரரால் அவ்வாறு இயலாது என்றும் இருந்தது.

2013 மாற்றம்

2013 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், 19 பருவங்கள் பணியாற்றிய குவோஸ்டெக்கி நீக்கப்பட்டார். 2005 க்குப் பின் அணி இறுதி நான்கு அணிகளின் சுற்றை எட்டியிருக்கவில்லை. அவருக்குப் பதிலாக, டுபியூக் நகர இளையோர் அணிக்குப் பயிற்சியளித்து வந்த மான்ட்கோமரி நியமிக்கப்பட்டார். இவர் 1993 இல் மெய்ன் பல்கலைக்கழகம் பட்டம் வென்றபோது அவ்வணியில் ஆடியவர். இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதியில் மூன்று கோல்கள் அடித்தவர்.

மான்ட்கோமரியின் ஐந்து பருவங்களிலும் டென்வர் தேசியப் போட்டித்தொடருக்குத் தகுதி பெற்றது. 2017 இல் சிக்காகோவில் நடந்த இறுதியாட்டத்தில் மினசோட்டா டுலூத் அணியை 3–2 என்ற கணக்கில் வென்று எட்டாவது பட்டத்தைப் பெற்றது.

2018 மாற்றம்

2018 மே மாதத் தொடக்கத்தில் தேசிய ஹாக்கி லீக்கின் டாலஸ் ஸ்டார்ஸ் அணி மான்ட்கோமரியைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. கல்லூரியிலிருந்து நேரடியாக அந்த லீக்குக்குச் செல்வது அரிதான ஒன்றாகும். 2015 இல் வட டகோட்டா பல்கலைக்கழகத்தின் டேவ் ஹாக்ஸ்டால் பிலடெல்பியா அணிக்குச் சென்றது இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு. 2018 மே மாதத்திலேயே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் குயினும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சென்றார்.

டென்வர் வெளியிலிருந்து புகழ்பெற்ற ஒருவரைக் கொணராமல், நான்கு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்த கார்லைத் தேர்ந்தது. அணியின் வீரர்கள் பலரை முன்னரே அறிந்தவர் என்பதால், புதியவர் வரும்போது ஏற்படும் இடைவெளி இங்கு ஏற்படவில்லை.

டேவிட் கார்ல்

கார்ல் அலாஸ்கா மாநிலத்தின் ஆங்கரேஜ் நகரைச் சேர்ந்தவர். 1989 இல் பிறந்தார். இவருடைய அண்ணன் மாட் கார்ல் டென்வர் அணியில் ஆடி, 2006 இல் கல்லூரி ஹாக்கியின் உயரிய தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருதைப் பெற்றவர்.

டேவிட்டும் டென்வரில் ஆட உதவித்தொகை பெற்றிருந்தார். 2008 இல் தேசிய ஹாக்கி லீக்கின் வீரர் தேர்வுக்கு முன் நடந்த மருத்துவச் சோதனைகளில், இவருக்கு ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி எனப்படும் இதயத் தசை தடிக்கும் நோய் இருப்பது தெரியவந்தது. கடும் உடலுழைப்பின்போது இந்நோய் திடீர் மரணத்தை விளைவிக்கக்கூடும். இவர் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் டாம்பா பே லைட்னிங் அணி ஏழாவது சுற்றில் இவரைத் தேர்ந்து பெயரளவில் சிறப்பித்தது.

டென்வர் பல்கலைக்கழகம், ஆட இயலாத இவருக்கு அளித்த உதவித்தொகையைத் திரும்பப் பெறவில்லை. குவோஸ்டெக்கி இவரை மாணவத் துணைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். 2012 இல் பட்டம் பெற்ற கார்ல், கிரீன் பே நகர இளையோர் அணியில் இரு பருவங்கள் பணியாற்றினார். 2014 இல் மான்ட்கோமரியின் துணைப் பயிற்சியாளராக டென்வருக்குத் திரும்பினார்.

மாற்றத்திற்குப் பின்

கார்லின் முதற்பருவத்திலேயே (2018–19) அணி இறுதி நான்கு அணிகளின் சுற்றை எட்டி, மாசச்சூசெட்ஸ் அணியிடம் கூடுதல் நேரத்தில் 3–4 என்று தோற்றது. 2022 இறுதியாட்டத்தில் மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 0–1 எனப் பின்தங்கியிருந்த டென்வர், கடைசிப் பகுதியில் ஐந்து கோல்கள் அடித்து 5–1 என வென்றது. 2024 இல் பாஸ்டன் கல்லூரியை 2–0 என வென்று பத்தாவது பட்டத்தைப் பெற்றது. இதன்மூலம், அதுவரை ஒன்பது பட்டங்களுடன் சமநிலையில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தைக் கடந்து, அதிகப் பட்டங்கள் வென்ற அணியானது.

உலக இளையோர் போட்டியில் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கும் கார்லே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

1994 முதல் தலைமைப் பயிற்சியாளர்களும் தேசியப் பட்டங்களும் (2024 வரை)

* ஜார்ஜ் குவோஸ்டெக்கி (1994–2013): 2004, 2005
* ஜிம் மான்ட்கோமரி (2013–2018): 2017
* டேவிட் கார்ல் (2018 முதல்): 2022, 2024