ஆவூர்க் கோயிலும் அழைத்தலில் நிலைத்து நின்றோரும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தோலிக்கரின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ஆவூரை விட்டுவிட முடியாது. திருச்சிக்குத் தெற்கே, விராலிமலை வட்டாரத்தில் உள்ள இச்சிற்றூர், ஒரு காலத்தில் மதுரை மிஷனின் முக்கிய தலங்களுள் ஒன்றாக விளங்கியது.

இங்கே 1697-இல் கோயில் எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு வெனான்சியுஸ் புஷே. மக்கள் அவரைப் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தனர். அவர் முதலில் தமிழ்நாட்டுக்கென்று அனுப்பப்பட்டவர் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1687-இல் சயாம் நாட்டுக்கு அனுப்பிய சேசு சபையினருள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே அங்கு அரசு கவிழ்ந்தது. அந்தக் கதவு அடைபட்டது. ஊர் திரும்பியிருந்தால் அவரை யார் குறை சொல்லியிருப்பார்கள்? அவரோ புதுச்சேரிக்கு வந்து, மதுரை மிஷனில் சேர்ந்து, தமிழ் கற்று, காவியுடையும் மரக்கறி உணவும் ஏற்று, நம்மவரிடையே வாழத் தொடங்கினார். போக நினைத்த நாடு மாறிற்று, அழைத்தவர் மாறவில்லை.

அந்நாளில் இந்த மிஷனில் சேர்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். 1686-இல் மறவர் சீமையில் வதைபட்ட அருளானந்தர் மறு ஆண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துக்கல் மன்னர் தம்முடனேயே இருக்கும்படி வேண்டியும் இணங்காமல் 1690-இல் திரும்பி வந்தார். 1693 பெப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இரத்த சாட்சியானார். இது நடந்து நான்கே ஆண்டுகளில் ஆவூரில் கோயில் எழுந்தது என்றால், அதற்கு வேண்டியிருந்த துணிவை ஊகித்துக்கொள்ளலாம். துணிவோடு விவேகமும் இருந்தது. புஷே அடிகள் காணிக்கைகளோடு சென்றபோது, ராணி மங்கம்மாளின் அரசு அவரை அன்புடன் வரவேற்றது.

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் ஆவூரில் பணிபுரிந்தவரே. இன்று நாம் காணும் கோயில் 1747-இல் கட்டப்பட்டது. முதற்கோயிலுக்கும் இதற்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள்.

பெரும் சோதனை வெளியிலிருந்து வரவில்லை என்பதே விந்தை. 1759-இல் போர்த்துக்கல் அரசு சேசு சபையினரைத் தன் ஆட்சி எல்லையிலிருந்து துரத்திற்று. 1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்துவிட்டார். தாம் வார்த்தைப்பாடு கொடுத்த சபையே இல்லாமற் போன பின்பும், இங்கிருந்த முதிய குருக்கள் தங்கள் மந்தையை விட்டுப் போகவில்லை. வெறும் குருக்களாக உழைத்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவில்லை. கோவாவிலிருந்து வந்த குருக்களோ இத்தனை பரந்த நிலப்பரப்புக்குப் போதாதவர்கள்.

அப்படியானால் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார்களும் வீட்டுத் தாய்மாரும்தான். சாகுந்தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, மரித்தோரைச் செபம் சொல்லி அடக்கியது, மந்திரங்களைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாக ஏற்றியது எல்லாம் அவர்களே. பூசை கால் மணி தாமதமானால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நாம், குருவின் முகத்தையே நெடுநாள் காணாதிருந்த அந்த மக்களைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அழைத்தல் என்றவுடன் குருமடமும் கன்னியர் மடமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த உபதேசியாருக்கும் அழைத்தல் இருந்தது. அவர் மனைவிக்கும் இருந்தது. பெயரைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை. பங்கு மலர்களில் குருக்களின் பட்டியலைத் தவறாமல் அச்சிடும் நாம், உபதேசியார்களின் பட்டியலையும் தேடித் தொகுக்கக் கூடாதா?

1814-இல் சேசு சபை மீண்டும் உயிர் பெற்றது. 1838-இல் புதிய மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சுக் குருக்கள் நால்வர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் மூவர் ஆறு ஆண்டுகளுக்குள் இம்மண்ணிலேயே மடிந்தனர். அதற்குப் பிறகும் ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறியவர்கள் குறையவில்லை. வந்தவர்கள் வெறுங்காட்டைக் காணவில்லை. செபம் தெரிந்த மக்களைக் கண்டார்கள்.

1747-இல் எழுந்த அந்தக் கோயில் இன்றும் ஆவூரில் நிற்கிறது. பாஸ்கு காலத்தில் அங்கே திருப்பாடுகளின் காட்சியும், அதைத் தொடர்ந்து தேர்த்திருவிழாவும் நடைபெறுகின்றன.